பழைய குறுந்தகடுகளும் மெய்நிகர் கணினியும்: டிரைவை இணைப்பதா, ஐஎஸ்ஓ எடுப்பதா?

வாசகர் கேள்வி | 5 மே 2025, காலை

காட்பாடியில் அச்சகம் வைத்திருக்கிறோம். அப்பா காலத்துத் திருமணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக அழைப்பிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகக் குறுந்தகடுகளில் கிடக்கின்றன. புதிய கணினியில், கணினிக்குள்ளேயே இன்னொரு (மெய்நிகர்) கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் வழியாக விண்டோஸ் எக்ஸ்பி நிறுவி, யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி அதனுடன் இணைத்தேன். சில தகடுகள் திறக்கின்றன. சிலவற்றைப் போட்டால் எக்ஸ்பி அப்படியே நின்றுவிடுகிறது. தகட்டை ஐஎஸ்ஓ கோப்பாக (தகட்டின் நகல் அடங்கிய ஒரே கோப்பு) மாற்றித்தான் உள்ளே கொடுக்க வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். அசல் கையில் இருக்கும்போது நகல் எடுப்பது வீண் வேலை என்பது என் கருத்து. அசலைவிட நகல் எப்படி மேலாகும் ஐயா?

5 மே, இரவு

மேலாகும். தகட்டிலுள்ள ஒரு செக்டரை (தரவு பதியும் சிறு துண்டு) டிரைவால் படிக்க முடியாதபோது அது உடனே கைவிடுவதில்லை. வேகத்தைக் குறைத்து, மறுபடி மறுபடி முயன்று பார்க்கிறது. அந்த நேரம் முழுவதும் வெளிக்கணினி (உங்கள் உண்மையான கணினி) காத்திருக்கிறது, அதன் பின்னால் எக்ஸ்பியும் காத்திருக்கிறது. உள்ளே ஓடும் எக்ஸ்பிக்குத் தகடு கீறலாக இருப்பது தெரியாது. தன் டிரைவ் பதில் சொல்லவில்லை என்பது மட்டுமே தெரியும். நீங்கள் பார்க்கும் உறைந்த திரை அதுதான். ஐஎஸ்ஓ கோப்பாக இருந்தால் இந்தப் போராட்டம் வெளியே ஒரே முறை நடந்து முடிந்துவிடும். உள்ளே போவது வன்தட்டிலிருந்து படிக்கப்படும் சாதாரணக் கோப்பு. எக்ஸ்பியைப் பொறுத்தவரை அது தகடேதான்.

விர்ச்சுவல்பாக்ஸில் செய்ய வேண்டியது சிறிய வேலை. மெய்நிகர் கணினியின் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்று, ஐடிஈ கன்ட்ரோலர் என்ற பழைய வகை டிரைவ் இணைப்பின் கீழ் காலியாக உள்ள டிரைவைத் தேர்ந்து, வலப்புறத்துக் குறுந்தகட்டுப் படத்தைச் சொடுக்கி ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டினால் போதும். எக்ஸ்பிக்கு ஐடிஈ கன்ட்ரோலரையே வைத்திருங்கள். புதிய வகையான சாட்டா கன்ட்ரோலரில் மாட்டினால், அதற்குரிய டிரைவர் எக்ஸ்பியில் இயல்பாக இல்லாததால், டிரைவே கண்ணில் படாது.

யுஎஸ்பி டிரைவை இரண்டு வழிகளில் உள்ளே கொடுக்கலாம் என்பதையும் கவனியுங்கள். ஒன்று, வெளிக்கணினியின் டிரைவாகவே வைத்துக்கொண்டு ஸ்டோரேஜ் பகுதியில் அதைத் தேர்வது. மற்றொன்று, யுஎஸ்பி பட்டியலிலிருந்து அந்தச் சாதனத்தையே உள்ளே அனுப்பிவிடுவது. அப்போது வெளிக்கணினியிலிருந்து டிரைவ் மறைந்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறவர்களுக்குத்தான் 'டிரைவ் சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை' என்ற குழப்பம் நேர்கிறது. மெல்லிய யுஎஸ்பி டிரைவ்கள் தகட்டைச் சுழற்றத் தொடங்கும்போது மின்சாரம் அதிகம் கேட்கும். கணினியின் முன்பக்கத் துளையிலோ, தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பிலோ செருகாமல், பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள்.

6 மே

வேறொருவர் எழுதியிருக்கிறார்: விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பைக் கொடுத்தும் நிறுவல் தொடங்கவில்லையாம், கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து போய்விடுகிறதாம். அந்த வரியே, ஏதாவது ஒரு விசையை அழுத்தினால்தான் தகட்டிலிருந்து தொடங்குவேன் என்று சொல்லும் வரி. திரைக்குள் ஒரு முறை சொடுக்கிவிட்டு விசையை அழுத்த வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் வெளிக்கணினிக்கே போய்விடும். நிறுவல் பாதியில் மறுதொடக்கம் ஆகும்போது அதே வரி மீண்டும் வரும். அப்போது பழக்கதோஷத்தில் அழுத்தினால் நிறுவல் முதலிலிருந்து தொடங்கும். இரண்டாம் முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே முறை.

8 மே

படிமம் (ஐஎஸ்ஓ நகல்) எடுக்கும் முன் தகட்டைப் பாருங்கள். குழல் விளக்குக்கு எதிரே பிடித்து, பளபளப்பான பக்கத்திலிருந்து நோக்கினால், விளிம்பின் அருகே ஊசி முனையளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று கவனிக்க வேண்டும். குறுந்தகட்டின் பிரதிபலிப்புப் படலம் எழுத்துப் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குச் சற்றே கீழே இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மேல்பக்கம் உரிந்தால் தகவல் படலத்தோடு போய்விடும். டிவிடியில் படலம் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அச்சகத்துக்காரர்கள் ஒட்டுத்தாளில் பெயர் அடித்துத் தகட்டின் மேல் ஒட்டி வைப்பது வழக்கம். அதை ஒருபோதும் உரிக்க முயலாதீர்கள். படலமும் கூடவே வந்துவிடும். பதிவுத் தகடுகளின் சாயத்துக்கு வெயிலும் பகை. வேலூரின் அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே பல கோடைகளைக் கழித்த தகடுகளை முதலில் எடுத்துப் படிமமாக்குங்கள்.

லினக்ஸில் டிடி என்ற கட்டளையே போதும். தொகுதி அளவை 2048 பைட் என்று கொடுக்க வேண்டும். தரவுக் குறுந்தகட்டின் ஒரு செக்டரில் உள்ள பயன்பாட்டுத் தரவு அவ்வளவுதான். கீறலான தகடுகளுக்கு டிடிரெஸ்கியூ. அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் குறிப்புக் கோப்பில் எழுதி வைத்து, பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பி வருகிறது. அந்தக் குறிப்புக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால், அதே தகட்டை வேறொரு டிரைவில் போட்டு விடுபட்ட செக்டர்களை மட்டும் நிரப்பலாம். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை மற்றொன்று படித்துவிடுவதைச் சத்துவாச்சாரியில் உள்ள என் கடையில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பழைய மேசைக் கணினிகளிலிருந்து கழற்றிய பெரிய டிரைவ்களை இதற்காகவே எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறேன். விண்டோஸில் இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளில் தகட்டிலிருந்து படிமக் கோப்பு உருவாக்கும் வசதி உண்டு.

8 மே, சற்று நேரம் கழித்து

டிடி கடைசியில் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று சொல்லி நின்றால் பதற வேண்டியதில்லை. 'டிராக் அட் ஒன்ஸ்' முறையில், அதாவது ஒவ்வொரு தடமாகத் தனித்தனியே, எழுதப்பட்ட தகடுகளின் இறுதியில், படிக்கவே முடியாத இரண்டு செக்டர்கள் இருக்கும். அவை தரவு அல்ல. ஐஎஸ்ஓசைஸ் என்ற கட்டளை, கோப்பு முறைமையின் உண்மையான அளவைப் பைட்டில் சொல்லும். உங்கள் படிமக் கோப்பு அந்த அளவையோ அதற்கு மேலோ எட்டியிருந்தால் எதுவும் விடுபடவில்லை. எட்டவில்லை என்றால் உண்மையான சேதம்.

11 மே

காட்பாடி வாசகரின் மறுமொழி: 'ஒரு தகட்டைப் படிமமாக்கினேன். கணினியில் தகட்டைப் போட்டால் பன்னிரண்டு மாதக் கோப்புறைகள் தெரிகின்றன. ஐஎஸ்ஓ கோப்பை எக்ஸ்பியில் கொடுத்தால் ஜனவரி மட்டுமே தெரிகிறது. அசல்தான் மேல் என்ற என் கட்சி வென்றதா?'

அரை வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுவே நல்ல கேள்வி.

உங்கள் தந்தையார் ஒவ்வொரு மாதமும் அதே தகட்டில் தொடர்ந்து எழுதியிருக்கிறார். அக்காலத்தில் வெற்றுத் தகட்டை வீணாக்க யாருக்கும் மனம் வராது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஒரு அமர்வு உருவாகிறது. அதற்கென்று ஒரு தொடக்கமும் முடிவும் தகட்டில் பதிகின்றன. இந்த எல்லைக்கே முதல் அமர்வில் சுமார் 22 எம்பியும், அடுத்த ஒவ்வொன்றிலும் சுமார் 13 எம்பியும் போய்விடும். 700 எம்பி தகட்டில் எதிர்பார்த்ததைவிட முன்பே இடம் தீர்ந்ததன் காரணம் இதுதான்.

ஐஎஸ்ஓ 9660 கோப்பு முறைமையில், உள்ளடக்கத்தின் முகவரியைச் சொல்லும் விவரம் 16ஆம் செக்டரில் தொடங்குகிறது. அமர்வுகள் பல இருந்தால், கடைசி அமர்வு தொடங்கும் இடத்திலிருந்து எண்ணி 16ஆம் செக்டரில் இருக்கும் விவரமே நடப்பு விவரம். அசல் தகடு டிரைவில் இருக்கும்போது, கடைசி அமர்வு எங்கே தொடங்குகிறது என்று இயங்குதளம் டிரைவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அதனால் டிசம்பர் வரை காட்டுகிறது. ஐஎஸ்ஓ கோப்பில் அந்த அமர்வுப் பட்டியலுக்கு இடமில்லை. அது வெறும் செக்டர்களின் வரிசை. ஆகவே கோப்பின் தொடக்கத்தில் உள்ள 16ஆம் செக்டரையே எக்ஸ்பி நம்புகிறது; ஜனவரி மட்டும் தெரிகிறது. அதோடு, அமர்வுகளுக்கு இடையே உள்ள எல்லைப் பகுதி படிக்க இயலாதது என்பதால், டிடி முதல் எல்லையிலேயே நின்றிருக்கவும் கூடும். உங்கள் ஐஎஸ்ஓ கோப்பின் அளவைப் பாருங்கள். தகட்டில் நிறைந்திருக்கும் அளவைவிட மிகச் சிறியதாக இருந்தால், மற்ற பதினொரு மாதங்கள் அதற்குள் வரவே இல்லை.

வழி எளிது. இத்தகைய தகட்டைப் படிமமாக்க வேண்டாம். வெளிக்கணினியில் தகட்டைத் திறந்து, தெரியும் எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் நகலெடுத்து, அந்தக் கோப்புறையிலிருந்து புதிய ஐஎஸ்ஓ ஒன்றை உருவாக்குங்கள். லினக்ஸில் ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் அல்லது எக்ஸோரிசோ. விண்டோஸில் மேலே சொன்ன இம்க்பர்னே போதும். புதிய படிமத்தில் ஒரே அமர்வுதான் இருக்கும்; எந்த மெய்நிகர் கணினியும் குழம்பாது.

12 மே

நேற்றைய குறிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. தெரியும் எல்லாவற்றையும் நகலெடுங்கள் என்று எழுதினேன், தெரியாதவையும் இருக்கலாம். அடுத்த அமர்வை எழுதும்போது முந்தைய அமர்வை இறக்குமதி செய்யும் தேர்வை விட்டுவிட்டால், கடைசி அமர்வின் கோப்புகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். முந்தையவை அழிவதில்லை, பட்டியலில் இல்லாமல் கிடக்கின்றன. தகட்டின் பளபளப்பான பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால், எழுதிய பகுதி வெவ்வேறு சாயலில் வளையங்களாகத் தெரியும். பல வளையங்களும் மிகக் குறைந்த கோப்புகளுமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். லினக்ஸில் மவுண்ட் கட்டளையோடு அமர்வு எண்ணைக் கொடுத்து ஒவ்வொன்றாகத் திறக்கலாம். விண்டோஸில் ஐஎஸ்ஓபஸ்டர் எல்லா அமர்வுகளையும் தனித்தனியே காட்டும்.

15 மே

குடியாத்தத்திலிருந்து ஒருவர், வலையமைப்பு இல்லாத விண்டோஸ் 98 மெய்நிகர் கணினிக்குள் கோப்புகளை எப்படி அனுப்புவது என்று கேட்கிறார். விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள் என்டி 4 தொடங்கிய விண்டோஸ் வரிசைக்கே உண்டு. 98க்கு இல்லை, ஆகையால் பகிர்வுக் கோப்புறையும் இல்லை. இங்கே ஐஎஸ்ஓ கோப்பு, பார்சல் கட்டி அனுப்புவது போன்றது: வெளியே ஒரு கோப்புறையில் வேண்டியதைச் சேர்த்து, ஐஎஸ்ஓ ஆக்கி, டிரைவில் போட்டால் உள்ளே கிடைத்துவிடும். ஒருவழிப் பார்சல்தான், உள்ளிருந்து வெளியே எதையும் அதில் எழுத முடியாது. விண்டோஸ் 98இல் தகட்டிலிருந்து நகலெடுத்த கோப்புகள் 'படிக்க மட்டும்' என்ற குறியோடு வந்து சேரும். பண்புகளில் அந்தக் குறியை நீக்கினால்தான் திருத்திச் சேமிக்க முடியும்.

ஐஎஸ்ஓ உருவாக்கும்போது, நீண்ட பெயர்களைத் தாங்கும் ஜோலியட் என்ற தேர்வைக் கட்டாயம் இடுங்கள். அது இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் பெயர்கள் எட்டு எழுத்தும், புள்ளிக்குப் பின் மூன்று எழுத்துமாகச் சுருங்கி, தமிழ்ப் பெயர்கள் அடிக்கோடுகளாக மாறிவிடும். லினக்ஸ்காரர்கள் விரும்பும் ராக்ரிட்ஜ் நீட்டிப்பை விண்டோஸ் படிப்பதில்லை. ஜோலியட்டில் பெயர் 64 குறிகளுக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் தமிழுக்கு ஒரு சிக்கல். 'கும்பாபிஷேகம்' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. ஒருங்குறியிலோ உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 13 குறி. திருக்கோயில் பெயர், ஊர், ஆண்டு, 'கடைசித் திருத்தம்', 'கடைசியோ கடைசித் திருத்தம்' என்று கோப்புக்குப் பெயர் சூட்டும் அச்சகத்தாருக்கு 64 விரைவில் தீர்ந்துவிடும். பெயரைச் சுருக்குங்கள்.

எக்ஸ்பியில் இந்தப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை நிறுவ வேண்டும். அந்த நிறுவல் எக்ஸ்பி தகட்டைக் கேட்கும். எக்ஸ்பியின் ஐஎஸ்ஓ கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

16 மே

எழுத்துரு பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். பேஜ்மேக்கர் தன் கோப்புக்குள் எழுத்துருவை வைத்துக்கொள்வதில்லை. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அதே எழுத்துரு உள்ளே நிறுவப்படாவிட்டால், இல்லாத எழுத்துருவுக்கு மாற்றைக் காட்டும் பானோஸ் எழுத்துருப் பொருத்தப் பட்டியல் திரையில் வரும். அதற்குச் சரி என்று சொன்னால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசை கட்டி நிற்கும். அந்த நிலையில் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். பழைய கணினியின் ஃபாண்ட்ஸ் கோப்புறை முழுவதையும் ஒரு தனி ஐஎஸ்ஓ ஆக்கி உள்ளே அனுப்பி நிறுவிவிட்டு, பிறகு திறங்கள்.

19 மே

விதிவிலக்குகளை எழுத வேண்டும். முதல் நாள் குறிப்பைப் படிக்கிறவர்கள் டிரைவே வேண்டாம் என்று நான் சொன்னதாக எண்ணக்கூடும்.

ஆடியோ குறுந்தகட்டில் கோப்பு முறைமையே கிடையாது. 2352 பைட் கொண்ட செக்டர்களில் ஒலி நேரடியாகப் பதிந்திருக்கிறது; அது ஐஎஸ்ஓ கோப்புக்குள் அடங்காது. '.bin', '.cue' என்ற இரட்டைக் கோப்பாக எடுக்கலாம். ஆனால் பாட்டை மட்டும் பிரித்தெடுப்பதென்றால் அதை வெளிக்கணினியிலேயே செய்துவிடுவது மேல். மெய்நிகர் கணினிக்குள்தான் ஆடியோ தகட்டைப் படிக்க வேண்டும், அல்லது உள்ளிருந்து தகடு எழுத வேண்டும் என்றால், விர்ச்சுவல்பாக்ஸில் வெளிக்கணினி டிரைவைத் தேர்ந்து கட்டளைகளை நேராக டிரைவுக்கு அனுப்பும் 'பாஸ்த்ரூ' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். அந்நிலையில் தரவைப் படிக்க மட்டுமே முடியும். பாஸ்த்ரூ இட்டாலும், டிரைவின் உள் மென்பொருளை மாற்றுவது போன்ற ஆபத்தான கட்டளைகள் தடுக்கப்படுகின்றன.

கல்யாண விசிடி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். விசிடி, பாஸ்த்ரூ இட்டாலும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடாது என்று அதன் கையேடே சொல்கிறது. மெய்நிகர் கணினி எதற்கு? விண்டோஸ் வெளிக்கணினியில் தகட்டைத் திறந்து, எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் உள்ள '.dat' கோப்பை நகலெடுத்து விஎல்சி என்ற ஒளிபரப்பு மென்பொருளில் ஓட்டுங்கள். 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட படம் இன்றைய தொலைக்காட்சியில் மாவு பூசியதுபோல் இருக்கும். மாப்பிள்ளைக்கு அதனால் நன்மையே.

20 மே

விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வியில் அசல் டிரைவை இணைக்க முடியாத கல்லூரி மாணவர் ஒருவருக்கு: நீங்கள் இரண்டாம் தலைமுறை மெய்நிகர் கணினி உருவாக்கியிருக்கிறீர்கள். அதில் ஐஎஸ்ஓ கோப்பை மட்டுமே போடலாம். வெளிக்கணினியின் அசல் டிரைவை இணைக்க வழியில்லை. முதல் தலைமுறையில் இணைக்கலாம். தலைமுறையை உருவாக்கிய பின் மாற்ற முடியாது; புதிதாகத்தான் உருவாக்க வேண்டும்.

லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் ஐஎஸ்ஓ கோப்பு திறக்காதவருக்கு: ஐஎஸ்ஓ கோப்பு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் இருப்பதால் அனுமதி மறுக்கப்படுகிறது. மெய்நிகர் கணினி உங்கள் பெயரில் ஓடாமல் வேறொரு பயனராக ஓடுகிறது; அந்தப் பயனருக்கு உங்கள் கோப்புறைக்குள் நுழைய உரிமையில்லை. கோப்பை, விர்ட்-மேனேஜருக்குப் பின்னால் இயங்கும் லிப்விர்ட் தனக்கென வைத்திருக்கும் படிமக் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துத் தீர்ப்பது தீர்வு அல்ல. வேலை முடிந்ததும் டிரைவைக் காலி செய்யுங்கள். பின்னாளில் அந்த ஐஎஸ்ஓ கோப்பை அழித்துவிட்டால், கோப்பைக் காணோம் என்று மெய்நிகர் கணினி தொடங்கவே மறுக்கும்.

24 மே

தட்டு வெளியே வரவில்லை என்று காட்பாடியிலிருந்து மறுபடி. உள்ளே ஓடும் இயங்குதளம் தகட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் தட்டைப் பூட்டி வைக்கும். முதலில் எக்ஸ்பியில் 'எஜெக்ட்' செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால், மெய்நிகர் கணினியின் டிவைசஸ் பட்டியலிலிருந்து தகட்டை அகற்றச் சொல்லுங்கள்; வலுக்கட்டாயமாக அகற்றட்டுமா என்று கேட்கும், நகலெடுப்பு எதுவும் ஓடவில்லை என்றால் ஆம் என்று சொல்லலாம். டிரைவின் சிறு துளையில் ஊக்கை விட்டுக் குத்துவது மின்சாரம் போன பிறகு செய்யும் வேலை. இந்த மாதத்தில் அதற்கும் வாய்ப்புக் குறைவில்லை.

27 மே

அவருடைய அடுத்த சிக்கல்: ஆண்டு மலர்க் கோப்பு எக்ஸ்பியில் திறக்கிறது, எழுத்தும் சரியாக வருகிறது, ஆனால் புகைப்படங்கள் எங்கே என்று பேஜ்மேக்கர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கோப்பில் படங்கள் உள்ளே வைக்கப்படாமல், 'ஈ டிரைவில் இன்ன கோப்புறை' என்று முகவரியாக மட்டும் இணைக்கப்பட்டிருக்கின்றன. பழைய கணினியில் வன்தட்டு இரண்டு பிரிவாக இருந்து, குறுந்தகடு ஈ என்ற எழுத்தைப் பெற்றிருக்கும். உங்கள் மெய்நிகர் கணினியில் ஒரே பிரிவு என்பதால் அது டி ஆகிவிட்டது. எக்ஸ்பியில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, குறுந்தகட்டு டிரைவின் எழுத்தை ஈ என்று மாற்றுங்கள். படங்கள் இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பை அதில் போட்டு, மலரை மறுபடி திறங்கள். ஐஎஸ்ஓ உருவாக்கும்போது கோப்புறைகளின் அடுக்கை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தால் படங்கள் கேள்வியில்லாமல் வந்து உட்காரும். படங்களும் மலரும் வெவ்வேறு தகடுகளில் இருந்தால், அமைப்புகளில் இரண்டாவது மெய்நிகர் டிரைவ் ஒன்றைச் சேர்த்து, இரண்டு ஐஎஸ்ஓ கோப்புகளையும் ஒரே நேரத்தில் மாட்டிவிடலாம். அசல் டிரைவ் ஒன்று மட்டும் இருந்திருந்தால் தகட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

29 மே

படிமம் எடுத்த பின் அசல் தகடுகளைத் தூக்கி எறியலாமா என்ற கேள்விக்கு: ஒவ்வொரு ஐஎஸ்ஓ கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ 256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அதே கோப்புறையில் எழுதி வைத்து, வேறொரு வன்தட்டில் இரண்டாம் நகல் எடுத்து, அந்த நகலின் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு கேளுங்கள். டிடிரெஸ்கியூ குறிப்புக் கோப்பில் கெட்ட பகுதி என்று ஒன்றாவது மிஞ்சியிருக்கும் தகட்டை எறியாதீர்கள். அதை உறையில் போட்டு, உறையின் மேல் குறித்துக் கடைக்கு எடுத்து வாருங்கள். வேறு டிரைவ்களில் போட்டுப் பார்க்கலாம்.